இரு ராணுவ ஆட்சிகளைக் கண்ட பத்திரிகையாசிரியர்: பாலக்காட்டின் கே.பி.கேசவ மேனன் கடந்து வந்த பாதை

பாலக்காடு: மலபாரில் 1921 ஆகஸ்ட் 26 அன்று ராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டபோது, அங்கு நடப்பவற்றை வெளியுலகம் அறிவதற்கு அரசின் அறிக்கைகளும் வாய்வழிச் செய்திகளுமே எஞ்சின. அந்த மாதங்களில் கேரள மாகாண காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராகக் கோழிக்கோட்டில் பணியாற்றிய 35 வயது வழக்கறிஞர் ஒருவர், ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு பத்திரிகையின் முதல் ஆசிரியரானார். அந்தப் பத்திரிகை மாத்ருபூமி. அந்த வழக்கறிஞர் பாலக்காடு தரூரில் பிறந்த கே.பி.கேசவ மேனன்.

இந்திய இதழியல் வரலாற்றில் அவரது பெயர் பெரும்பாலும் வைக்கம் சத்தியாகிரகத்துடனும் ஐக்கிய கேரள இயக்கத்துடனும் சேர்த்தே நினைக்கப்படுகிறது. ஆனால் அவர் வேறொரு வகையிலும் தனித்து நிற்பவர். பிரிட்டிஷ் ராணுவச் சட்டத்தையும், இருபது ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூரில் ஜப்பானிய ராணுவ ஆட்சியையும் உள்ளிருந்து பார்த்தவர் அவர். இரண்டு இடங்களிலும், தாம் சார்ந்திருந்த தரப்பு கேட்க விரும்பாததையே சொல்ல வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

அரண்மனையும் நீதிமன்றமும்

1886 செப்டம்பர் 1 அன்று பிறந்த கேசவ மேனன், பாலக்காடு மன்னரின் பேரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டரானார். இங்கிலாந்து அனுபவங்களை பிலாத்தி விசேஷம் என்ற பெயரில் மலையாளத்தில் எழுதினார். நாடு திரும்பிக் கோழிக்கோட்டில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவரை அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கம் ஈர்த்தது. அவ்வியக்கத்தின் மலபார் கிளைக்கு அவர் செயலாளரானார். மலபார் மாவட்டத்தின் முதல் அரசியல் மாநாடு அன்னி பெசன்ட் தலைமையில் 1916-இல் கூடியதும் பாலக்காட்டில்தான்.

1920-இல் மஞ்சேரியில் நடந்த மாநாட்டுக்குப் பின் நிலைமை மாறியது. நிலக்கிழார்களும் மிதவாதிகளும் ஒதுங்கினர். குத்தகை விவசாயிகளும் கிலாபத் தொண்டர்களும் காங்கிரஸுக்குள் வந்தனர். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று மேனன் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 ஏப்ரலில், இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ள ஒற்றப்பாலத்தில், ஆந்திரத் தலைவர் டி.பிரகாசம் தலைமையில் கேரள மாகாண காங்கிரஸ் மாநாடு கூடியது. மாநாட்டின்போது தொண்டர்கள் போலீஸாரால் தாக்கப்பட்டனர். அடுத்த நான்கு மாதங்களில் மலபார் வெடித்தது.

ராணுவச் சட்டத்தின் கீழ் ஆறு மாதங்கள்

1921 ஆகஸ்ட் 20 அன்று திரூரங்காடியில் கிலாபத் தலைவர்களைக் கைது செய்ய ராணுவத்தினரும் போலீஸாரும் நுழைந்ததைத் தொடர்ந்து கிளர்ச்சி மூண்டது. ஆறு நாள்களில் ஏறநாடு, வள்ளுவநாடு, பொன்னானி உள்ளிட்ட தாலுகாக்கள் ராணுவச் சட்டத்தின் கீழ் வந்தன. ஒற்றப்பாலம், மண்ணார்க்காடு பகுதிகள் அன்று வள்ளுவநாட்டைச் சேர்ந்தவை. மண்ணார்க்காட்டுப் பக்கம் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் குமரம்புத்தூர் சீதிக்கோயா தங்ஙள். ஆக, இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் வடமேற்குப் பகுதி கிளர்ச்சிக் களமாகவே இருந்தது.

ராணுவச் சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை இன்றைய வாசகர் அறிவது நல்லது. வழக்கமான நீதிமன்றங்களுக்குப் பதிலாகச் சுருக்க விசாரணை மன்றங்கள் அமைந்தன. பின்னர் ராணுவ நீதிமன்றங்களும் வந்தன. கிராமங்கள் மீது கூட்டு அபராதம் விதிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் அரசியல் தலைவர்களுக்கு வழி அடைக்கப்பட்டது; காந்தியடிகளுக்கே மலபாருக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. கிளர்ச்சித் தலைவர் வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜி 1922 ஜனவரியில் மலப்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசுக் கணக்கின்படியே 2,300-க்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்கள் உயிரிழந்தனர். பிடிபட்டோரும் சரணடைந்தோரும் 45,000-ஐத் தாண்டினர்.

இச்சூழலில் எழுதுவதும் குற்றமாயிற்று. மேனனின் சக ஊழியரான இளைஞர் முகமது அப்துர் ரகிமான், மாப்பிளாக்கள் படும் துயரையும் போலீஸ் கொடுமைகளையும் விவரித்து ஆங்கில நாளிதழ்களுக்கு அனுப்பியதற்காக 1921 அக்டோபரில் கைதானார். இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவரே பின்னர் கோழிக்கோட்டில் அல் அமீன் பத்திரிகையை நிறுவியவர். அங்காடிப்புறத்தைச் சேர்ந்த காங்கிரஸ்காரர் எம்.பி.நாராயண மேனனுக்கோ ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மறைக்க முடியாமற்போன செய்தியும் ஒன்று உண்டு. 1921 நவம்பர் 19 இரவு, திரூரிலிருந்து சுமார் 100 கைதிகள் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு ரயிலில் ஏற்றப்பட்டனர். அந்த ரயில் ஷொறணூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே சென்றது. கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர். மொத்த உயிரிழப்பு அறுபதைத் தாண்டியது. ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த தாலுகாக்களுக்கு வெளியே, பெரிய ரயில் சந்திப்பு ஒன்றில் கதவு திறக்கப்பட்டதால் நாடெங்கும் அது பேசப்பட்டது. அரசும் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. இதே மரணங்கள் ஏறநாட்டின் உட்கிராமம் ஒன்றில் நிகழ்ந்திருந்தால் அவ்வளவு விரைவில் வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

இரு தரப்புக்கும் உவப்பில்லாத அறிக்கை

கேசவ மேனனின் இடர்ப்பாடு அரசுடன் மட்டும் நிற்கவில்லை. கிளர்ச்சி பல இடங்களில் இந்துக் குடும்பங்கள் மீதான தாக்குதலாகவும், கட்டாய மதமாற்றமாகவும் திரும்பியிருந்தது. அகதிகள் கோழிக்கோட்டுக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கான நிவாரணத்தை காங்கிரஸார் கவனித்தனர். அந்நேரத்தில் வட இந்தியாவில் சில கிலாபத் தலைவர்கள், அத்தகைய நிகழ்வுகள் மிகைப்படுத்தப்படுகின்றன என்ற தொனியில் பேசினர். தேசிய இயக்கத்தின் ஒற்றுமை குலையக் கூடாது என்ற எண்ணமும் அதன் பின்னால் இருந்தது.

அதற்கு மறுப்பாக மலபாரிலிருந்து கூட்டறிக்கை ஒன்று வெளிவந்தது. கையெழுத்திட்டவர்களில் மாகாண காங்கிரஸ் செயலாளர் கேசவ மேனன், கோழிக்கோடு காங்கிரஸ் நிர்வாகி கே.மாதவன் நாயர் ஆகியோருடன் ஏறநாடு கிலாபத் கமிட்டியின் செயலாளரான முஸ்லிம் தலைவரும் இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. இந்து-முஸ்லிம் ஒற்றுமையைவிடவும், சுயராஜ்யத்தைவிடவும் உண்மையே பெரிது என்று அவர்கள் எழுதினர். நடந்த கொடுமைகள் மெய்யானவை என்றும், காந்தியடிகள் அறியாதிருந்தால் அவருக்கும் இதையே தெரிவிப்பதாகவும் அதில் கூறினர்.

அரசின் கண்ணில் அவர்கள் கிளர்ச்சிக்கு வித்திட்டவர்கள். சொந்த இயக்கத்தினர் சிலரின் கண்ணில் எதிரிக்கு ஆயுதம் தருபவர்கள். அந்த அறிக்கை பின்னாளில் காந்தியடிகளின் எதிர்ப்பாளர்களால் பயன்படுத்தப்பட்டதும் உண்மை. ராணுவத்தின் அத்துமீறலைக் கண்டித்துக்கொண்டே கிளர்ச்சியாளர்களின் வன்செயலையும் ஒளிக்காமல் சொல்வது, எந்த நாட்டிலும் எளிதில் நண்பர்களைப் பெற்றுத் தருவதில்லை.

ஐந்து ரூபாய்ப் பங்குகள்

1922 பிப்ரவரியில் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. மலபாரில் காங்கிரஸ் அமைப்பு ஏறத்தாழச் சிதைந்து கிடந்தது. ஊர்கூடிப் பேசவே மக்கள் அஞ்சினர். கட்சியை மீட்பதற்கு முன் ஒரு பத்திரிகை வேண்டும் என மேனனும் மாதவன் நாயரும் முடிவு செய்தனர். ஒருவரது முதலீட்டில் தொடங்காமல், ஐந்து ரூபாய்ப் பங்குகளாகப் பொதுமக்களிடம் திரட்டினர். காந்தியடிகளுக்கு ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதன் முதலாண்டு நிறைவு நாளான 1923 மார்ச் 18 அன்று, கோழிக்கோட்டில் மாத்ருபூமியின் முதல் இதழ் வெளிவந்தது. வாரம் மூன்று முறை வந்த அந்த இதழ், உப்புச் சத்தியாகிரகத்தின்போது 1930 ஏப்ரல் 6 முதல் நாளிதழானது.

மாதவன் நாயர் மலபார் கிளர்ச்சியைப் பற்றி அதில் எழுதத் தொடங்கினார். அவர் 1933-இல் காலமானார். அவரது எழுத்து மலபார் கலாபம் என்னும் முழு நூலாக வெளிவந்தது 1971-இல், கிளர்ச்சி நடந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகே.

மேனன் ஆசிரியர் நாற்காலியில் நெடுநாள் அமரவில்லை. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகத்தின் முன்னணியில் நின்று, ஏப்ரல் 7 அன்று டி.கே.மாதவனுடன் கைதானார். தலைவர்கள் சிறைப்பட்டதால் ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ராமசாமி வந்து போராட்டத்தை ஏற்றார். பின்பு அவரும் திருவனந்தபுரம் சிறைக்கு வந்து சேர்ந்தார். மேனன் போன்றோருக்கு அரசியல் கைதிகளுக்கான சலுகைகள் இருந்தன, பெரியாருக்கோ கடுங்காவல். கால்களில் விலங்கு, கழுத்தில் மரப்பட்டை, கைதிக் குல்லாயுடன் சாதாரணக் குற்றவாளிகளுக்கிடையே அவர் வேலை செய்த காட்சியை மேனன் தமது சிறைக் குறிப்புகளில் பதிவு செய்தார். தம்மைவிடக் கடுமையாக நடத்தப்பட்ட ஒருவரைக் குறித்த அந்தச் சாட்சியம் தமிழக வரலாற்றாசிரியர்களால் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

சிங்கப்பூர், 1942

1927-இல் மேனன் மலேயா சென்று வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நகரின் பெயர் ஷோனான் என மாற்றப்பட்டது; சில நாள்களிலேயே அங்கிருந்த ஆங்கில நாளிதழ் ஜப்பானிய நிர்வாகத்தின் குரலாக மாறி வெளிவந்தது.

மலேயா இந்தியர்களின் தலைவர்களுள் ஒருவராக இருந்த மேனன், இந்திய சுதந்திர லீக்கில் இணைந்தார். ஜூன் மாதம் பாங்காக் மாநாட்டில் அமைந்த செயற்குழுவில் ராஷ் பிஹாரி போஸ் தலைவர். கேப்டன் மோகன் சிங், லெப்டினன்ட் கர்னல் கிலானி, பினாங்கு வழக்கறிஞர் என்.ராகவன், மேனன் ஆகியோர் உறுப்பினர்கள். பிரசாரப் பொறுப்பு பழைய பத்திரிகையாசிரியரான மேனனிடம் வந்தது.

சிக்கல் விரைவிலேயே தெரிந்தது. விடுதலை பெறும் இந்தியாவின் இறையாண்மையை ஜப்பான் வெளிப்படையாக ஏற்க வேண்டும் என மாநாடு தீர்மானித்திருந்தது. டோக்கியோவிலிருந்து தெளிவான பதில் வரவில்லை. இந்திய தேசிய ராணுவத்தின் படைகளைச் செயற்குழுவின் ஒப்புதலின்றி பர்மாவுக்கு அனுப்ப ஜப்பானிய அதிகாரிகள் முயன்றனர். டிசம்பரில் கர்னல் என்.எஸ்.கில் கைது செய்யப்பட்டார். மேனன், மோகன் சிங், கிலானி மூவரும் செயற்குழுவிலிருந்து விலகினர். டிசம்பர் 29 அன்று மோகன் சிங்கும் கைதானார்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது தென்கிழக்கு ஆசிய இந்தியர்கள், குறிப்பாக ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், பெரும் உற்சாகத்துடன் திரண்டனர். மேனன் அந்த அலையில் சேரவில்லை. ஜப்பானிய ராணுவத்தின் நிழலில் இந்திய இயக்கம் தற்சார்புடன் இயங்க முடியாது என்பது அவரது கருத்து. அதன் விளைவாக ஜப்பானியரால் கைது செய்யப்பட்டு, போர் முடியும் வரை சிறையிலிருந்தார். அவரது மதிப்பீட்டை ஏற்காதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். நேதாஜியின் படையில் சேர்ந்து உயிர் துறந்தவர்களின் தியாகத்தை அது குறைக்கவும் இல்லை. ஆயினும், எதிர்க்கருத்து உயிருக்கே ஆபத்தாக இருந்த நகரில் அவர் அதைக் கொண்டிருந்தார்.

மீண்டும் ஆசிரியர் நாற்காலி

நாடு திரும்பிய அவர் 1948-இல் மீண்டும் மாத்ருபூமி ஆசிரியரானார். மலபார், கொச்சி, திருவிதாங்கூர் மூன்றையும் இணைக்கக் கோரிய ஐக்கிய கேரள இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். இடையே, மலையகத் தமிழர்களின் குடியுரிமை இரு நாடுகளுக்கும் இடையே பெரும் பிரச்சினையாக இருந்த 1950-களின் தொடக்கத்தில், இலங்கைக்கான இந்திய ஹைகமிஷனராகச் சிறிது காலம் பணியாற்றினார். கழிஞ்ஞ காலம் என்ற தன்வரலாறும், நாம் முன்னோட்டு என்ற கட்டுரைத் தொகுதிகளும் அவரை மலையாள வாசகர்களின் அன்றாட வாழ்வுக்கு நெருக்கமாக்கின. 1966-இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு நாடெங்கும் பத்திரிகைத் தணிக்கை வந்தபோது அவருக்கு வயது 88. அந்தத் தணிக்கை விலக்கப்பட்டதையும் பார்த்த பின்னரே, 1978 நவம்பர் 9 அன்று, 92-ஆம் வயதில் காலமானார்.