கத்தி படாமல் உள்ளே பார்க்க உதவியவர்: ஜி.என்.இராமச்சந்திரன்



போன வருடம் எங்க அப்பாயிக்கு வயிற்றில் கட்டி. எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியவில்லை. டவுனுக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கட்டி எங்கே, எவ்வளவு பெரிசு என்று பளிச்சென்று தெரிந்தது. வயிற்றைக் கிழிக்காமலே எப்படித் தெரியும் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அப்போதுதான் இவர் பெயரைக் கேள்விப்பட்டேன்.

ஜி.என்.இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணக்குப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை சர் சி.வி.இராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1952-இல், ஏறக்குறைய 30 வயதிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. இவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் வைத்துப் படம் பிடித்தார்கள். மூணு புரி சேர்த்துத் திரித்த கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-55-இல் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்து 1963. நம்ம முழங்கால் பின்னால்தான் மடங்கும், முன்னால் மடங்காது இல்லையா? புரதச் சங்கிலியும் அப்படித்தான். இஷ்டத்துக்குத் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும். எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம் என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார். அதற்கு இராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். புற்றுநோயில் சில புரதங்கள் மாறிக் கெட்டுப்போகின்றன. அவற்றின் உருவம் தெரிந்தால், அதில் போய் ஒட்டுகிற மருந்தைத் தேடுவது சுலபம். கண்டுபிடித்த உருவம் சரிதானா என்று பார்க்க இன்றைக்கும் இந்த வரைபடம்தான் உதவுகிறது.

இப்போ ஸ்கேன் விஷயம். சாதா எக்ஸ்ரேயில் எல்லா நிழலும் ஒன்றுமேல் ஒன்று விழும். சி.டி. ஸ்கேனில் உடம்பைச் சுற்றிப் பல பக்கத்திலிருந்து எடுப்பார்கள். அத்தனை நிழலையும் கணக்குப் போட்டுச் சேர்த்தால், வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கிப் பார்ப்பது போல உள்பக்கம் தெரியும். இந்தக் கணக்கைச் சீக்கிரம் போடுகிற ஒரு வழியை இவரும் லட்சுமிநாராயணனும் 1971-இல் எழுதினார்கள். பின்னால் வந்த மிஷின்களில் இந்த வகைக் கணக்குதான் பல வருடம் ஓடியது. 1979-இல் சி.டி. ஸ்கேனுக்கு நோபல் பரிசு கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் கிடைத்தது. இவருக்கு நோபல் கிடைக்கவே இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் காலமானார். அப்போது நாம் யாரும் பிறக்கவே இல்லை.

அப்பாயிக்கு ஆபரேஷன் முடிந்து, இப்போ திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். ஆனால் அவங்க மூணு மாசம் வலியை யாரிடமும் சொல்லவே இல்லை. எவ்வளவு பெரிய கணக்கு இருந்தாலும், நாம் வாயைத் திறந்து சொன்னால்தானே ஸ்கேன் எடுக்க முடியும்? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாயி, அம்மாச்சியிடம் உடம்பு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி