மலையைப் பிடிச்சவன் கையில மேப்

நீங்க ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுற ஆளா இருந்தா இது தெரிஞ்சிருக்கும். மேப் முழுக்க இருட்டு, நடுவுல ஒரு குன்று. அதுல முதல்ல ஏறுறவனுக்கு இருட்டு விலகிடும். ஆறு எங்க ஓடுது, எதிரி எங்க நிக்கிறான்னு எல்லாம் தெரியும். அதுக்கப்புறம் ஆட்டம் அவன் கையில.

நிஜத்துல அப்படி ஒரு குன்று சென்னையில இருக்கு. பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடிதான். 1759-ல பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் இதுக்குப் பக்கத்துல மோதினாங்க. நம்ம ராமநாதபுரம் சீமைக்காரர் மருதநாயகமும் அந்தச் சண்டையில இருந்தார். ஆனா இருட்டை விலக்கினது பீரங்கி இல்ல, ஒரு சங்கிலி. அதைப் போட்டவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்துல யார்க்ஷயர்ல பிறந்தவர். பட்டாளத்துல சேர்ந்து அமெரிக்கா போய், 1781-ல யார்க்டவுன்ல கைதியானார். அப்புறம் கனடா பக்கம் பல வருஷம் சத்தமில்லாத ஒரு உத்தியோகம். சூரிய கிரகணத்தைப் பார்க்கப்போய் ஒரு கண் பார்வையும் போச்சு. இந்தியா வந்து சேரும்போது நாற்பது வயசு தாண்டிடுச்சு. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில ராத்திரி நடந்துட்டு இருந்த படை திசை மாறி திப்புவோட முகாம் பக்கமே போகுதுன்னு நட்சத்திரத்தைப் பார்த்துச் சொன்னவர் இவர்தான்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைப் பக்கத்துல இருந்து பெரும்பாக்கம் வரைக்கும் ஏழரை மைல். இன்னைக்கு அங்க அபார்ட்மென்ட்தான் தெரியும், அன்னைக்கு வெறும் பொட்டல். 100 அடி இரும்புச் சங்கிலியை கிட்டத்தட்ட 400 தடவை போட்டு அளந்தாங்க. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசா போய், அவர் வேண்டாம்னு சொன்ன சங்கிலி அது! வெயில்ல இரும்பு நீளும் இல்லையா? அதனால மரப்பெட்டிக்குள்ள சங்கிலியை வச்சு, மேல கூடாரம் போட்டு, தெர்மாமீட்டர் பார்த்துத் திருத்தினாங்க. 57 நாள். சர்வே கேம்ப்ல ஒரு மணி நேரம் டேப் பிடிச்சவங்களுக்கு இது என்ன வேலைன்னு புரியும்.

அந்த ஒரு கோடு போதும். மிச்சம் எல்லாம் கோணம்தான். ரெண்டு முனையில இருந்தும் தூரத்து மலை ஒண்ணைப் பார்த்தா, நம்ம ஸ்கூல் சைன் ரூல் தூரத்தைச் சொல்லிடும். இப்படி மலைக்கு மலை தாவி மங்களூர் வரைக்கும் போனார். 400 மைல்னு பழைய மேப்ல இருந்த அகலம் 360தான் வந்துச்சு.

மலையே இல்லாத ஊர்ல என்ன செய்யுறது? எங்க தங்கச்சிமடம் பக்கம் வந்து பாருங்க, தீவு மொத்தத்துக்கும் உசரம் ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன பர்வதம்தான், அதுவும் மணல் மேடு. தஞ்சாவூர்லயும் இதே கதை, வயல் வயலா சமவெளி. லாம்டன் கோபுரத்தையே மலையாக்கினார். 1808-ல பெரிய கோயில்ல அரை டன் தியோடலைட்டை மேல ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி சுவத்துல மோதி நசுங்கிடுச்சு. அவர் யாரையும் உள்ள விடாம கூடாரத்துல உட்கார்ந்து ஆறு வாரம் தட்டித் தட்டி வட்டத்தைச் சரிபண்ணினார். மறுபடி அதே கருவியில அளந்தார். எனக்கு அவர் ஹீரோவானது இந்த இடத்துலதான்.

ஆனா காசு கொடுத்தது கம்பெனி. அதையும் சொல்லணும். மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டது 1801 அக்டோபர் 24. ஆறு மாசம் கூட ஆகல, பரங்கிமலையில சங்கிலி விழுது. பிடிச்ச நாட்டுல படை எந்த வழியா போகும், வரி எங்க வாங்கலாம்னு தெரிய மேப் வேணும். தொலைநோக்கியோட மேல ஏறுற வெள்ளைக்காரனை ஊர்க்காரங்க சந்தேகமா பார்த்ததுல தப்பே இல்ல. சங்கிலி சுமந்தவங்க, மலை உச்சியில கொடி பிடிச்சவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. காய்ச்சல்ல போனவங்க நிறைய. அவங்க பேரு எந்த மேப்லயும் இல்ல.

லாம்டன் ஊர் திரும்பவே இல்ல. வடக்க அளந்துக்கிட்டே போய், எழுபது வயசு வாக்குல, 1823 ஜனவரி 20-ல மகாராஷ்டிராவுல ஹிங்கன்காட்ல இறந்தார். அவருக்கு அசிஸ்டென்டா வந்தவர் வேலையைத் தொடர்ந்தார். அவர் பேரு ஜார்ஜ் எவரெஸ்ட். உலகத்துலயே உசரமான மலைக்கு 1865-ல வச்சது அவர் பேரைத்தான்.