கட்சிக்கு வயசு 7 மாசம்... திண்டுக்கல்லில் எம்.ஜி.ஆர். ஜெயித்தது எப்படி?

பழனியும் கொடைக்கானலும் இருக்கிற இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில்தான் அ.தி.மு.க. தன் முதல் தேர்தல் வெற்றியைப் பார்த்தது.

1917-ல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்., நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். ஏழைகளின் காவலன் என்ற இமேஜை, இன்னைக்கு பி.ஆர். டீம் செய்யும் வேலையை, படத்துக்குப் படம் அவரே கட்டினார். 1967 ஜனவரியில் சுடப்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது, கழுத்தில் கட்டோடு இருந்த அவரது போட்டோதான் பிரசாரம் செய்தது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார்.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டதும் தனிக்கட்சி. 1973 மே 20-ல் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. சுவரில் யார் வேணும்னாலும் வரையலாம்; மேடையில் இரண்டு விரலைக் காட்டினாலே போதும். லோகோன்னா இப்படித்தான் இருக்கணும்!

வாக்குப்பதிவுக்கு 9 நாள் முன்பு 'உலகம் சுற்றும் வாலிபன்' ரிலீஸ். ஆனா படம்தான் ஜெயிக்க வெச்சதுன்னு சொன்னா அது பாதிக் கதை. கட்சியில் கணக்குக் கேட்டதால் நீக்கப்பட்டார் என்ற பேச்சு கிராமம் வரை போயிருந்தது. திரையில் தட்டிக்கேட்டவர் நிஜத்திலும் கேட்டுவிட்டார் என்று மக்கள் நம்பினார்கள்.

மாயத்தேவர் 1.4 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆளும் தி.மு.க.வுக்கு மூன்றாம் இடம். 1977-ல் எம்.ஜி.ஆர். முதல்வர்.

1984 தேர்தலின்போது அவர் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். பக்கவாதத்தால் பேச்சு பாதித்திருந்தது. தமிழ்நாட்டில் போட்டுக் காட்டிய வீடியோ சொன்னதோ, தலைவர் நல்லா இருக்கார் என்பதை மட்டும். பிரசாரத்துக்கு வராமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பர் 24-ல் காலமானார்.