மாணவர்கள் சுட்ட செங்கல், இன்று அருங்காட்சியகம்: யார் இந்த புக்கர் டி. வாஷிங்டன்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு சின்ன ஊர். அங்குள்ள கல்லூரி வளாகத்தில், 'தி ஓக்ஸ்' என்ற சிவப்புச் செங்கல் வீடு இன்று அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1899-ல் அதைக் கட்டியது எந்தக் காண்ட்ராக்டரும் இல்லை. அங்கே படித்த கறுப்பின மாணவர்கள்தான். செங்கல்லைக்கூட அவர்களே அறுத்து, அவர்களே சூளை வைத்துச் சுட்டார்கள். அந்த வீட்டில் குடியிருந்தவர் கல்லூரியின் முதல்வர், புக்கர் டி. வாஷிங்டன்.

பெருக்கிக் காட்டிய நுழைவுத் தேர்வு

1856-ல் வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபோது வயது 9. அப்புறம் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனது. அங்கே உப்பு காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை. படிப்பெல்லாம் வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான்.

கறுப்பின இளைஞர்களுக்காக ஹாம்ப்டனில் ஒரு பள்ளி இருப்பதைக் கேள்விப்பட்டு, 1872-ல் கிளம்பினார். சுமார் 800 கிலோமீட்டர் பயணம். நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் அழுக்குச் சட்டையோடு போய் நின்றவரிடம், ஒரு வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார் தலைமை ஆசிரியை. மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். அதுவே நுழைவுத் தேர்வு ஆனது. அங்கேயே துப்புரவு வேலை பார்த்துக்கொண்டு படித்து முடித்தார்.

நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை

டஸ்கீகியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்க ஆள் தேவைப்பட்டபோது, 25 வயது வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். அலபாமா அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியிருந்தது. ஆனால் அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். 1881 ஜூலை 4 அன்று ஒரு பழைய கொட்டகையில் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் ஒழுகும். ஒரு மாணவர் குடை பிடிக்க, அதன்கீழ் நின்று பாடம் எடுப்பார்.

கொஞ்ச நாளில் 500 டாலர் விலையில் 100 ஏக்கர் பழைய பண்ணை நிலம் கிடைத்தது. முன்பணத்துக்குக் கடன். காட்டை வெட்டித் திருத்த மாணவர்களைக் கூப்பிட்டால், அவர்கள் தயங்கினார்கள். படிக்க வந்த இடத்தில் கோடரியா என்ற கேள்வி. அது நியாயமும்கூட, உடல் உழைப்பு என்றால் அடிமைத்தனம் என்றுதான் அவர்களுடைய பெற்றோர் அறிந்திருந்தார்கள். வாஷிங்டன் அவர்களிடம் வாதாடவில்லை. தானே கோடரியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மூன்று சூளைகள் போயின

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும்; ஊரில் சூளையே கிடையாது. சரி, நாமே சுடுவோம் என்று இறங்கினார்கள். முதல் சூளை வீண். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒரு வாரம் எரிந்து, இன்னும் சில மணி நேரத்தில் கல் கிடைக்கும் என்ற நிலையில் நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் காசும் தீர்ந்தது. ஆசிரியர்களே இதோடு விட்டுவிடலாம் என்றார்கள். வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். கல் வெந்தது. ஆனால் கெடு தாண்டிவிட்டதால், கடிகாரத்தை மீட்கவே முடியவில்லை.

அதன்பிறகு ஊர் வெள்ளைக்காரர்களும் செங்கல் வாங்க இங்கேதான் வந்தார்கள். கல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். தொழில் கற்ற மாணவர்கள் வேறு ஊர்களிலும் அதைச் செய்து பிழைத்தார்கள். தச்சு, வண்டி செய்தல், அச்சு, மெத்தை தைத்தல், விவசாயம் என்று பள்ளிக்குத் தேவையான ஒவ்வொன்றும் ஒரு பாடமானது. செய்த பொருளை மறுநாளே பள்ளி பயன்படுத்தும். பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

எதிர்ப்பு ஏன்?

கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1903-ல் வாஷிங்டனைக் கடுமையாக விமர்சித்தார். கைத்தொழிலை மட்டும் முன்னிறுத்தினால் உயர்கல்வியும் வாக்குரிமையும் பின்னுக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். டஸ்கீகியில் பாடம் நடத்துகிறவர்களே கல்லூரி படித்தவர்கள்தானே என்றும் சுட்டிக்காட்டினார். அதில் உண்மை இருந்தது. செங்கல் வாங்க வந்த அதே தென்மாநிலங்கள், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறித்துக்கொண்டிருந்தன. வாஷிங்டன் மேடையில் இதை அதிகம் பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டங்களை எதிர்த்த வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். இது வெளியே தெரிந்தது அவர் இறந்து வெகுகாலம் கழித்துத்தான்.

இன்று என்ன இருக்கிறது?

1915 நவம்பர் 14 அன்று டஸ்கீகியில் வாஷிங்டன் காலமானார். 30 பேரோடு தொடங்கிய இடத்தில் அப்போது சுமார் 1,500 மாணவர்கள், 100-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். 1974-ல் இந்த வளாகம் தேசிய வரலாற்றுத் தலம் ஆனது. பள்ளியின் பழைய சலவைக்கூடம், அங்கே பணியாற்றிய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. வெளியே வகுப்புகளும் வழக்கம்போல நடக்கின்றன. டஸ்கீகி இன்று பல்கலைக்கழகம். டு பாய்ஸ் கேட்ட உயர்கல்வியும் இப்போது அதே வளாகத்தில் கிடைக்கிறது.