உடலியல் அறிஞர் குரோக்

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீனின் குருதியில், அது நீந்தும் நீரில் உள்ளதைவிட உப்பு மிகுதி. அவ்வுப்பு இடையறாது வெளியே கசிந்துகொண்டிருக்கும். நீரோ உடலினுள் புகுந்தவண்ணம் இருக்கும். புகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுங்கால் அதனோடும் சிறிது உப்புக் கழியும். இங்ஙனம் இழப்பே தொடருமாயின் மீன் மடிந்தொழிதல் வேண்டும். ஆயினும் அது நலமே வாழ்கின்றது. இழந்த உப்பை அஃது எவ்வாறு மீட்கின்றது? இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆகஸ்ட் குரோக் ஆவார்.

குரோக் 1874-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் கிரேனோ என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டும் தொழிலினர். மைந்தரின் உள்ளமோ சிற்றுயிர்களின் வாழ்வை உற்றுநோக்குவதிலேயே ஈடுபட்டது. 1893-இல் கோபன்ஹேகன் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தவர், பின்னர் விலங்கியலைத் தமக்குரிய துறையாகக் கொண்டார். 1897-இல் கிறிஸ்டியன் போர் என்னும் புகழ்மிக்க பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

நுரையீரல் ஒரு சுரப்பி போன்று உழைத்துப் பிராணவாயுவைக் குருதிக்குள் செலுத்துகின்றது என்பது ஆசிரியரின் கொள்கை. மாணவரும் தொடக்கத்தில் அதனையே நம்பினார். ஆயினும் நம்பிக்கை வேறு, அளவை வேறு என்பதனை அவர் அறிவார். மிகச் சிறிய காற்றுக்குமிழி ஒன்றைக் கொண்டு குருதியிலுள்ள வாயுக்களின் அழுத்தத்தை அளக்கும் நுண்கருவியை அமைத்தார். மருத்துவம் பயின்றவரும் 1905-இல் அவரை மணந்தவருமான மாரி அம்மையார் இவ்வாய்வில் துணைநின்றார். பன்முறை அளந்தும், நுரையீரற் காற்றிலுள்ள பிராணவாயுவின் அழுத்தமே குருதியிலுள்ளதைவிட மிகுந்திருந்தது. எனவே மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு அது தானே பரவுகின்றது. நுரையீரல் அதனை உந்தித் தள்ள வேண்டுவதில்லை.

குரோக்கின் உள்ளம் கலங்கியது. உண்மையை உரைத்தால் ஆசிரியரின் கொள்கை வீழும். மறைத்தால் அறிவியல் வீழும். 1910-இல் அவர் தம் முடிவுகளை ஏழு கட்டுரைகளாக வெளியிட்டார். ஆசிரியருக்குத் தாம் பட்டிருந்த கடனையும் அவற்றில் நன்றியுடன் குறிப்பிட்டார்.

பின்னர், தசைகளிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் தேவைக்கேற்பத் திறந்து மூடும் இயல்பை ஆராய்ந்து, 1920-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார். 1922-இல் அமெரிக்கா சென்றபொழுது, கனடாவில் இன்சுலின் கண்டறியப்பட்ட செய்தியைக் கேட்டறிந்தார். மாரி அம்மையாரோ நீரிழிவு நோயினர். டொராண்டோ நகர் சென்று, அம்மருந்தை ஆக்கும் உரிமையைப் பெற்றுத் திரும்பினார் குரோக். ஹாகடோர்ன் என்னும் மருத்துவருடன் கூடி அதனைத் தம் நாட்டில் ஆக்கத் தொடங்கினார். அதனால் நோயாளர் பலர் உயிர்பிழைத்தனர்.

முதுமை நெருங்கிய காலத்தில் அவர் நாட்டம் மீன்களின்பாற் சென்றது. கடல்மீனுக்கு நேரும் இடர் நன்னீர் மீனின் இடருக்கு நேர்மாறானது. அஃது உப்பை வெளியேற்றல் வேண்டும். 1932-இல் கீஸ், வில்மர் என்னும் இருவர், விலாங்கு மீனின் செவுளில் அப்பணி புரியும் உயிரணுக்களைக் கண்டிருந்தனர். குரோக் நன்னீர் மீன்களை எடுத்துக்கொண்டார். உப்பற்ற நீரில் அவற்றை வைத்து உடலுப்பைக் குறைத்தார்; பின்பு மிகச் சிறிதளவே உப்புக் கலந்த நீரில் விட்டார். அச்சிறிதளவு உப்பையும் மீன்கள் ஈர்த்துக்கொண்டன! குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு உப்பு ஏறிச் செல்வதனை அவர் கண்டார். இது தானே பரவுதல் அன்று. உயிரணு ஆற்றலைச் செலவிட்டுச் செய்யும் வேலை.

நுரையீரலில் அத்தகைய வேலை இல்லை என்று நிறுவியவரே, செவுளில் அஃது உண்டு என்றும் நிறுவினார். முன்னைய வெற்றி அவர் கண்ணை மறைக்கவில்லை. 1939-இல் இவ்வாய்வுகளை நூலாக்கினார். 1949 செப்டம்பர் 13-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் தொடங்கிய நெறியில் ஆய்வு இன்றும் தொடர்கின்றது. செவுளில் மட்டுமன்றி, வரிக்குதிரை மீன் எனப்படும் சிறுமீனின் மூக்கிலும் அயனிகளின் சமநிலையைப் பேணும் உயிரணுக்கள் அறியப்பட்டுள்ளன. மணமறியும் நரம்பணுக்கள் வெளிநீரால் நனைந்துகொண்டேயிருப்பவை ஆதலின், அவற்றின் அருகே இத்தகைய காவலர் இருத்தல் பொருத்தமே.

ஆசிரியரை மதித்தலும் உண்மையை மதித்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதனைக் குரோக்கின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.