நாலடியாரை ஆங்கிலத்தில் தந்த போப்பையர்

நாலடியாரும் திருக்குறளும் நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு முதற்கண் ஓதுவிக்கப்பெறும் அறநூல்கள். அவ்விரண்டையும் முழுமையாக ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தவர் நம் சமயத்தவர் அல்லர், இந்நாட்டவரும் அல்லர். அவர் ஜி. யு. போப் என்னும் கிறித்தவப் பாதிரியார். தமிழ் மக்கள் அவரைப் போப்பையர் என்றே அழைத்தனர். அவர் நம் நூல்களைப் படித்த முறையில் நாம் மகிழத்தக்கதும் உண்டு; மனம் ஒப்பாததும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவதே முறை.

போப் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், கனடாவின் கீழ்க்கரையிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவிற் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சேர்ந்தார். 1839இல், பத்தொன்பது வயதில், வெஸ்லியன் சபையின் சார்பில் சமயத் தொண்டுக்காகச் சென்னைக்கு வந்தார். சென்னையில் இராமாநுசக் கவிராயரிடம் பாடங் கேட்டார் என்பர். சில ஆண்டுகளில் ஆங்கிலிகன் சபையிற் சேர்ந்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாயர்புரத்தில் கல்விக்கூடம் நிறுவினார். பின்னர்த் தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என ஊர்தோறும் பள்ளிகளே அவர் வாழ்வாயின. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் தென்னாட்டில் இருந்தார்.

மிகக் கண்டிப்பான ஆசிரியர் என்றும், பிரம்புக்கு ஓய்வு கொடாதவர் என்றும் அவருக்குப் பெயருண்டு. பிரம்பை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பாடம் நடத்துக என்று பயிற்சி பெற்ற நமக்கு, இச்செய்தி உவப்பளிப்பதன்று. ஆயினும், அம்மனிதரே தமிழ் கற்போர் படிப்படியாக ஏறத்தக்க இலக்கண நூல்களை வரிசையாக எழுதித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வரிசையில் பெரிய நூலோடு நன்னூலையும் யாப்பருங்கலத்தையும் சேர்த்து அச்சிட்டார். முன்னது பவணந்தி முனிவர் அருளியது. பின்னது அமிதசாகரர் இயற்றியது. இருவரும் நம் சமண முனிவர்களே.

இனிக் குறளுக்கு வருவோம். போப்புக்கு முன்பே குறளின் அறுபத்து மூன்று அதிகாரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்த துரு என்னும் பாதிரியார், காமத்துப்பால் தூயோர் படிக்கத்தக்கதன்று என்று எழுதிவைத்தார். அக்காலப் பாதிரிமார் பலரும் அதனையே நம்பினர், போப்பும் நம்பினார். பல ஆண்டுகள் மூன்றாம் பாலைத் திறந்தும் பாராதிருந்ததாக அவரே ஒப்புக்கொண்டுள்ளார். பின்னர் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மனத்தில் மாசின்றி இருத்தலே அறம், ஏனையவெல்லாம் வெற்றாரவாரம் என்று சொன்ன புலவர், தீயதொன்றை மறைவாகவேனும் எழுதியிருப்பாரா? எழுதியிரார் என்று தெளிந்து படித்தார். தாம் கொண்டிருந்தது வெறும் தப்பெண்ணம் என உணர்ந்தார். 1886இல் முப்பாலும் முழுதுமாக அவர் பெயர்ப்பு வெளிவந்தது. உரைகாரர் பழியை நூலாசிரியர் தலையில் ஏற்றாமல், நூலைக் கொண்டே நூலை அளந்த இச்செயல் நம் பெருமதிப்புக்குரியது.

ஆனால் அதே நூலின் முன்னுரையில் அவர் வேறொன்றும் எழுதினார். வள்ளுவர் வாழ்ந்தது மயிலாப்பூர். அதன் அருகே தோமையார் வரலாற்றோடு தொடர்புடைய பழைய கிறித்தவக் குடியிருப்பு இருந்தது. எனவே, வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரோடு கடற்கரையில் உலவி, அலெக்சாந்திரியாப் பள்ளியின் சாயல் படிந்த கிறித்தவக் கருத்துகளைக் கேட்டறிந்தார் என்று கற்பனை செய்துகொள்ள நமக்கு இடமுண்டு என்பது அவர் வாதம். குறளின் மூலங்களுள் கிறித்தவ மறையும் ஒன்று என்றே அவர் முடிவு கட்டினார். இயேசு பெருமான் செய்த மலைப்பொழிவின் எதிரொலியைக் குறளிற் கேட்டார். இதற்கு இசையக் குறளின் காலத்தையும் கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்டதாக வைத்தார். அக்கால வரையறையை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. குறள் அதனினும் பல நூற்றாண்டு முந்தியது என்பதே பெரும்பாலோர் கருத்து. வள்ளுவர் சமணக் கொள்கையை நன்கறிந்தவர் என்று போப் ஒப்புக்கொண்டதையும் மறைத்தல் கூடாது. அறிந்தவர் என்ற அளவில் அவர் நின்றுவிட்டார்.

பொறுமை, இன்னா செய்தார்க்கும் நன்மை செய்தல் முதலியன இருவர் வாக்கிலும் உள்ளன என்பது உண்மையே. நல்லோர் உள்ளம் எந்நாட்டிலும் ஒன்று போலவே பேசும். ஆயின், புலால் மறுத்தல், கொல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களுக்கு நான்கு சுவிசேஷங்களில் மூலம் யாது? அங்கே மீனுணவு இயல்பாகப் பேசப்படுகிறது. ஓருயிரையும் கொல்லலாகாது, கொன்றதைத் தின்னலும் ஆகாது என்னும் விரதம் எங்கிருந்து வந்தது என்று போப்பிடம் வினவ ஒருவரும் அருகில் இல்லை. எழுபிறப்பு, இருவினை என்னும் சொற்களும் மலைப்பொழிவிற் காணப்படாதவை.

போப் இங்கிலாந்து திரும்பிய பின், ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் 1884 முதல் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1888இல் பேலியல் கல்லூரியின் குருவானவரும் ஆனார். அக்கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட், பிளேட்டோவின் உரையாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புகழ் பெற்றவர். 1860இல் அவர் விவிலியத்துக்குப் பொருள்கொள்ளும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விவிலியத்தையும் ஏனைய பழநூல்களைப் போலவே படித்தல் வேண்டும். எழுதியவர் கருதியதும், முதலிற் கேட்டவர் உணர்ந்ததுமே அதன் பொருள். பிற்காலச் சபைகளின் கோட்பாட்டை அதனுள் ஏற்றிக் காணுதல் தவறு என்பது அதன் சாரம். இதன்பொருட்டு 1863இல் பல்கலைக்கழக நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். கிரேக்கப் பேராசிரியர் என்ற முறையில் அவர்க்குரிய ஊதிய உயர்வும் 1865 வரை தடைப்பட்டது. ஜோவெட் தம் மறைக்கு வகுத்த அவ்விதியைப் போப் நம் குறளுக்கும் வைத்துப் பார்த்திருப்பாராயின், மயிலைக் கடற்கரைக் காட்சி எழுந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே அளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டுமல்லவா? ஆதிபகவன், மலர்மேல் நடந்தவன், எண்குணத்தான் என்னும் பெயர்களைக் கண்டவுடன் நம் நெஞ்சு நிறைகிறது. ஏலாசாரியராகிய குந்தகுந்தரே குறளை அருளினார் என்பது பொன்னூர்மலையை வலம்வரும் நம்மிடையே வழிவழி வரும் செய்தி. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1953இல் வெளியிட்ட தம் ஆங்கில உரைநூலில் இதனைச் சான்று காட்டி நிறுவ முயன்றார். அவருடைய சான்றுகள் போப்பின் கற்பனையினும் வலியன என்பது நம் துணிபு. எனினும், படைச்செருக்கு முதலிய அதிகாரங்கள் வருமிடத்து நாம் ஏட்டை விரைந்து புரட்டிவிடுகிறோம். யானைமேல் வேலெறிந்த வீரன் நம் விரதங்களுக்கு எவ்வாறு பொருந்துவான் என்று பிள்ளைகள் கேட்டால், இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தை எடுத்துச் சொல்கிறோம். ஒரு மாணவி நம்மை அங்ஙனம் கேட்டதுண்டு. நாம் அளித்த விடை அவளுக்கு நிறைவு தரவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் தரவில்லை.

நாலடியார்ப் பதிப்பு 1893இல் ஆக்சுபோர்டு கிளாரண்டன் அச்சகத்தில் வெளிவந்தது. நமக்கு மிகவும் உவப்பான போப் இந்நூலில்தான் உள்ளார். நானூறு வெண்பாக்களுக்கும் மூலம், பெயர்ப்பு, குறிப்பு ஆகியவற்றோடு, நூலிற் பயின்ற சொற்களுக்கெல்லாம் அகராதியும் சேர்த்தார். பழந்தமிழ் நூல்களிலிருந்து மேற்கோள் தேடித் தேடி அவ்வகராதியை அமைத்தார். கணிப்பொறி இல்லாத காலம். ஒவ்வொரு சொல்லையும் கையால் எழுதி அடுக்க வேண்டும். வயதோ எழுபதைக் கடந்துவிட்டது. பாண்டியன் அவையை விட்டு நீங்கிய எண்ணாயிரம் சமண முனிவர் வரலாறும், வையையில் எறிந்த ஏடுகளுள் நானூறு எதிரேறி வந்த செய்தியும் அவர் முன்னுரையில் உள. உழவர் பெருமக்கள் இந்நூலைத் தம் வேதமாகக் கொண்டனர் என்பதையும் குறித்தார்.

திருவாசகத்தையும் பெயர்க்க விரும்பிய போப், தம் ஆயுள் அதற்குப் போதுமோ என்று ஒருநாள் ஜோவெட்டிடம் ஐயுற்றுக் கூறினாராம். பெரிய பணியொன்றைக் கையிற் கொண்டிருப்பதே நெடுநாள் வாழும் வழி என்றும், முடிக்கும்வரை உயிரோடிருப்பீர் என்றும் ஜோவெட் தேற்றினார். 1893இல் ஜோவெட் மறைந்தார். திருவாசகப் பெயர்ப்போ 1900இல், போப்பின் எண்பதாம் பிறந்தநாளில் எழுதிய முன்னுரையோடு வெளிவந்தது.

1908 பிப்ரவரியில் போப் ஆக்சுபோர்டில் காலமானார். தம்மைத் தமிழ் மாணவன் எனக் கல்லறையிற் பொறிக்கச் சொன்னார் என்றும், அங்ஙனமே பொறிக்கப்பட்டது என்றும் தமிழ்நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. வகுப்பறையில் நாமும் அதனைப் பல்லாண்டு சொல்லி வந்தோம். பிள்ளைகளின் கண்கள் கலங்கக் கண்டு மகிழ்ந்தும் இருக்கிறோம். அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் பெயரும், பல்கலைக்கழகத்திலும் பேலியலிலும் அவர் வகித்த பதவிகளும் அதில் உள்ளன. கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் அக்கல்லை நாட்டினர் என்னும் குறிப்பும் உள்ளது.