தாய்மார் நலம் காத்த மருத்துவர்

மகப்பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறவி என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. அது வெறும் புனைந்துரை அன்று. தொட்டில் கட்டவேண்டிய வீட்டில் தாயை இழந்த அழுகையொலி எழுவது முற்காலத்தில் அரிய நிகழ்ச்சியாக இருக்கவில்லை. அதனை விதியின் செயல் என்று எண்ணிப் பலரும் மனத்தைத் தேற்றிக்கொண்டனர். அதன் காரணம் யாது, அதனைத் தடுக்கும் வழி யாது என்று ஆராய முற்பட்ட பெருமக்களுள் ஒருவர் டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார்.

அவர் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். அவருடன் இரட்டையராகப் பிறந்தவர் இராமசாமி முதலியார். உருவத்தால் ஒத்திருந்த அவ்விருவரும் வேறு வேறு துறைகளை நாடினர். இராமசாமி சட்டம் பயின்று அரசியலில் புகழ் பெற்றார். இலட்சுமணசாமி சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபின் மருத்துவம் கற்று, மகப்பேற்று மருத்துவத்தைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையே அவருடைய பணிக்களமாயிற்று. 1844ஆம் ஆண்டில் தோன்றிய அம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகவும் அவர் விளங்கினார். அந்நாளில் நகருக்கு மேற்கே இருந்த மாங்காடு, பூந்தமல்லி போன்ற ஊர்ப்புறங்களில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன. மருத்துவச்சியின் கைப்பழக்கமே அங்குத் துணை. பேறு எளிதாக முடிந்தால் நன்று. அடங்காத குருதிப்போக்கோ வலிப்போ கண்டுவிட்டால், வண்டி கட்டி நகருக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். தூய்மையற்ற கைகளால் பரவும் நச்சுக் காய்ச்சலும், ஊட்டமின்மையால் வரும் குருதிச்சோகையும் தாயரின் உயிருக்கு ஏனைய பகைகளாம்.

இவ்வகை இறப்புகளைக் கண்டு இரங்குவதோடு முதலியார் அமைதி அடையவில்லை. சென்னை நகரில் பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதற்குரிய காரணங்களை முறையாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் அறிக்கை 1933ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயின் காரணத்தை அறியாமல் மருந்து கொடுத்தல் பயன் தராது. அதுபோலவே, இறப்பின் காரணத்தை அறியாமல் அதனைத் தடுத்தலும் இயலாது. ஊராரின் நினைவிலிருந்து மறைந்துபோகும் ஏழைத் தாயின் இறப்பும் கணக்கில் எழுதப்பட வேண்டும். காரணம் கேட்கப்பட வேண்டும். அத்தகைய ஆராய்ச்சியின் உயிர்நாடி இதுவே.

மருத்துவ மாணவர்கள் மிகுதியும் மேல்நாட்டார் எழுதிய நூல்களையே நம்பியிருந்த காலத்தில், தம் நெடுநாள் அநுபவத்தின் பயனாக மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றை அவர் எழுதினார். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் பல பதிப்புகளைக் கண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் என்னும் பெருமையும் அவரைச் சாரும். 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணிபுரிந்தார்.

அவர் தொண்டு நாட்டு எல்லையைக் கடந்தும் சென்றது. 1946ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றம், உலக மக்களின் உடல்நலம் பற்றிய மாநாடு ஒன்றைக் கூட்ட முடிவு செய்தது. அம் மன்றத்தின் முதல் தலைவர் இராமசாமி முதலியார். அம் மாநாட்டின் பயனாக 1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனத்தின் செயற்குழுவுக்கு 1949, 1950ஆம் ஆண்டுகளில் தலைமை தாங்கியவர் இலட்சுமணசாமி முதலியார். உடன்பிறந்தார் இருவர் ஒரே உலகப் பணிக்குத் தோள்கொடுத்த அருமையை இங்குக் காண்கிறோம். 1961ஆம் ஆண்டில் புதுதில்லியில் கூடிய பதினான்காவது உலகச் சுகாதாரப் பேரவைக்கும் அவரே தலைவர். செல்வ நாடும் வறிய நாடும் சமமாக அமரும் அவையில், விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன நாட்டின் மருத்துவர் ஒருவர் தலைமை ஏற்றார்.

1959ஆம் ஆண்டில் இந்திய அரசு அமைத்த நலவாழ்வு ஆய்வுக் குழுவும் அவர் தலைமையில் இயங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்த வேண்டும் என்றும், ஒரு நிலையத்தின் பொறுப்பில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருத்தல் கூடாது என்றும் அக்குழு பரிந்துரைத்தது. கட்டடம் மட்டும் இருந்து, மருத்துவரும் செவிலியரும் மருந்தும் இல்லையெனில் வலியுற்று வந்த தாய்க்கு யாது பயன்?

இலட்சுமணசாமி முதலியார் 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மறைந்தார். இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன. மருத்துவர், செவிலியர், மருத்துவச்சியர் எனப் பல்லாயிரவர் உழைப்பின் பயன் அது. ஆயினும் உலகில் பேறுகாலத்தில் இறக்கும் தாய்மாருள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர். அவ்விறப்புகளுள் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை. பிறந்த நாட்டின் வறுமை ஒரு தாயின் உயிரைப் பறித்தல் அறமாகாது. அதனைத் தடுக்கும் பணியில் எஞ்சியுள்ள பகுதி இளந்தலைமுறையின் கைகளுக்கு உரியது.